டயருக்காக வந்த பெட்ரோல் ரேஷன்

ஆசிரியர் அவர்களுக்கு,

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்கிய கதை நம் பத்திரிகைகளில் ஜப்பான் தாக்கிய பேர்ல் துறைமுகத்தோடு நின்றுவிடுகிறது. உள்நாட்டில் நடந்ததும் சின்ன விஷயமல்ல. 1942 பிப்ரவரியில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தியே நின்றது. மே மாதம் சர்க்கரைக்கு ரேஷன். டிசம்பரில் நாடு முழுக்கப் பெட்ரோலுக்கும். வேடிக்கை என்னவென்றால், அதற்கு முக்கியக் காரணம் பெட்ரோல் தட்டுப்பாடு அல்ல, வண்டி ஓட்டத்தைக் குறைத்து டயரை மிச்சப்படுத்துவது! மலாயா ஜப்பான் கைக்குப் போய்விட்டதால், நம்மவர்கள் பால் வெட்டிய தோட்டங்களின் ரப்பர் அமெரிக்காவுக்குப் போய்ச் சேரவில்லை.

பெண்கள் ஆலை வேலைக்கு வந்ததைப் பெருமையாகச் சொல்கிறோம், சரி. அதே 1942-ல் அங்கிருந்த ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேர், பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள், வீடு வாசலை விட்டு முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அதையும் சேர்த்து எழுதுங்கள்.

- வாசகர், தஞ்சாவூர்