பாதாளம் வேறு, நரகம் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

கல்லறைத் திருநாளையொட்டித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, பாதாளம், நரகம், உத்தரிக்கிற ஸ்தலம் (இறந்தோர் சுத்திகரிக்கப்படுவதாகக் கத்தோலிக்கர் நம்பும் நிலை) மூன்றையும் ஒன்றாக்கி ஒரே குழியில் போட்டு மூடிவிட்டது. தமிழக-கேரள எல்லையில், களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் இடையே, ஒரே வீட்டில் தமிழ் வேதாகமமும் மலையாள வேதாகமமும் இருப்பது சாதாரணம். இரண்டையும் அருகருகே விரித்தாலே சிக்கல் எங்கே என்று தெரிந்துவிடும்.

சங்கீதம் 9:17ஐப் பாருங்கள். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் துன்மார்க்கர் ‘நரகத்திலே’ தள்ளப்படுகிறார்கள். மலையாள சத்தியவேதபுஸ்தகத்தில் அவர்கள் போவது ‘பாதாளத்திலேக்கு’. எபிரெயச் சொல் ஷியோல். நல்லவர், கெட்டவர் என்றில்லாமல் செத்தவர் எல்லாரும் இறங்கும் இடம் அது. மகனை இழந்ததாக நினைத்த யாக்கோபு தானும் இறங்குவேன் என்று சொன்னது அங்கேதான் (ஆதியாகமம் 37:35). சபையார் ஆராதனையில் சொல்லும் விசுவாசப் பிரமாணத்தில் கிறிஸ்து இறங்கியதும் பாதாளத்தில், நரகத்தில் அல்ல.

நரகம் என்பதற்குப் புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல் கெஹன்னா. 12 இடங்களில் வருகிறது. யாக்கோபு 3:6 தவிர மற்ற எல்லாம் இயேசுவின் வாயில். எருசலேமுக்குத் தெற்கே பிள்ளைகளைத் தீயில் பலியிட்ட இன்னோம் பள்ளத்தாக்கின் பெயர் அது. அங்கே நகரத்துக் குப்பை ஓயாமல் எரிந்தது என்று கன்வென்ஷன் மேடைகளில் சொல்கிறார்கள். அதற்கு இயேசுவின் காலத்துச் சான்று இல்லை, ஆயிரம் ஆண்டுக்குப் பிறகு வந்த யூத உரையாசிரியர் தாவீது கிம்கியின் குறிப்புதான் பிடிமானம். வெளிப்படுத்தல் 20:14இல் வருவது மூன்றாவது சொல். தமிழில் ‘அக்கினிக்கடல்’, மலையாளத்தில் ‘தீப்பொய்க’. கிரேக்கம் சொல்வது ஏரியைத்தான், ஆகவே பொய்கையே நெருக்கம். அந்த வசனத்தில் பாதாளமே அந்த நெருப்பில் தள்ளப்படுகிறது. இரண்டும் ஒன்றென்றால் நரகம் நரகத்துக்குள் விழுந்தது என்றல்லவா ஆகும்?

நரகத்தில் ஆத்துமா என்ன ஆகிறது என்பதில் சபைகள் ஒத்துப்போவதில்லை. முடிவில்லாத தண்டனை என்பது பெரும்பான்மை போதனை. மத்தேயு 25:46இல் ஆக்கினைக்கும் ஜீவனுக்கும் ஒரே ‘நித்திய’ என்ற சொல் வருவதைப் பண்டைய திருச்சபை ஆசான் அகுஸ்தீன் காட்டி, ஒன்றைக் குறைத்தால் மற்றதும் குறையும் என்று வாதாடினார். ஏழாம் நாள் அட்வென்டிஸ்டு சபையார் மத்தேயு 10:28ஐ எடுப்பார்கள்: ‘ஆத்துமாவையும் சரீரத்தையும் நரகத்திலே அழிக்க வல்லவர்’. சாவாமை தேவன் ஒருவருக்கே உரியது (1 தீமோத்தேயு 6:16), எனவே துன்மார்க்கர் எரிந்து இல்லாமல் போவார்கள். நித்தியமானது விளைவுதான், வேதனை அல்ல என்பது அவர்கள் கணக்கு. எல்லாரும் கடைசியில் மீட்கப்படுவார்கள் என்ற, ஆதித் திருச்சபை அறிஞர் ஓரிகனின் கருத்து 6ஆம் நூற்றாண்டில் கண்டிக்கப்பட்டது. அதே நம்பிக்கையை எழுதிய ஆயர் நீசா கிரகோரியாரோ இன்றும் புனிதர். கட்டுரையாளர் முதல் கருத்தை மட்டும் சொல்லி, ‘கிறிஸ்தவம் சொல்கிறது’ என்று முடித்துவிட்டார்.

உத்தரிக்கிற ஸ்தலத்தை ‘நரகத்தின் மேல்தட்டு’ என்றது பெரும் பிழை. கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் 1030ஆம் பத்தியின்படி, அங்கே இருப்பவர்கள் கடவுளின் அருள்நிலையில், அவரோடு நட்புறவில் இறந்து மீட்பு உறுதியானவர்கள். சுத்திகரிப்பு மட்டுமே பாக்கி. அங்கிருந்து நரகத்துக்கு வழியில்லை, நரகத்திலிருந்து அங்கே வரவும் வழியில்லை. நவம்பர் 2இல் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றிச் செபிப்பது இவர்களுக்காகத்தான். ‘சுத்தீகரணஸ்தலம்’ என்ற மலையாளப் பெயர் பொருளை நேராகவே சொல்லிவிடுகிறது. சீர்திருத்த சபைகள் இந்தப் போதனையை ஏற்பதில்லை; ஆர்த்தடாக்ஸ் சபைகள் இறந்தோருக்காகச் செபிக்கும், ஆனால் இப்படியொரு ஸ்தலத்தை வகுத்துச் சொல்வதில்லை.

இன்னொன்று. கத்தோலிக்கத் திருச்சபை எத்தனையோ பேரைப் புனிதர் என்று அறிவித்திருக்கிறது; இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று இதுவரை ஒருவரையும் பெயர் சொல்லி அறிவித்ததில்லை. தங்கள் கட்டுரை கடைசி வரியில் யூதாஸை அங்கே குடியேற்றியது எந்த அதிகாரத்தில்?

– ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்கள் சிலர்,
களியக்காவிளை