திங்கள்சந்தையும் இரண்டு ஜெர்மன்காரர்களும்

அன்புள்ள மக்கா,

நாலு மாதமாக நான் பதில் போடாததற்கு நீ திட்டியதெல்லாம் வந்து சேர்ந்தது. தப்புதான். இங்கே எல்லோரும் சுகம். மழையில் ரப்பர் பால்வெட்டு நின்றுபோய் மாமா வீட்டிலேயே உட்கார்ந்து எல்லோரையும் விரட்டிக்கொண்டிருக்கிறார். அது கிடக்கட்டும், உன்னிடம் ஒன்று சொல்லியே ஆக வேண்டும்.

ஜெர்மன் புவியியலாளர் வால்டர் கிறிஸ்டாலரை நினைவிருக்கிறதா? கண்ணாடி சார் பலகை முழுக்கத் தேன்கூடு மாதிரி அறுகோணம் அறுகோணமாக வரைந்தபோது நீ பின்பெஞ்சிலிருந்து "சார், கடல் எங்கே?" என்று கேட்டு வெளியே போனாயே, அந்த ஆள்தான். தென் ஜெர்மனி ஊர்களை வைத்து 1933-இல் அவர் எழுதிய ஆய்வை 18 வருடமாக நானும் நடத்திவருகிறேன். உப்புக்கும் தீப்பெட்டிக்கும் தெருமுனைக் கடை போதும், கல்யாணத்துக்கு நகை எடுக்க நாகர்கோவில் போக வேண்டும், ஒரு பொருளுக்காக ஆள் எவ்வளவு தூரம் போவான் என்பதை வைத்தே ஊர்கள் சிறிதும் பெரிதுமாக அடுக்கப்படுகின்றன, ஒவ்வொரு ஊரின் சந்தை எல்லையும் ஓர் அறுகோணம் என்பதுதான் அவருடைய மைய இடக் கோட்பாடு. திங்கள்சந்தை, வெள்ளிச்சந்தை என்று ஊர்ப்பெயரிலேயே கிழமை ஒட்டிக்கிடக்கும் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பது எவ்வளவு சுகம் தெரியுமா!

போன வாரம் தூத்தூர்ப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி எழுந்து, "சார், இவர் இதுக்கப்புறம் என்ன செய்தார்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அன்று ராத்திரி இரண்டு மணி வரை படித்தேன்.

சின்ன வயதில் யாரோ அத்தை கொடுத்த அட்லஸைப் பார்த்து மயங்கிப்போன பையன்தான் அவர். சோஷலிஸ்டாக இருந்தவர், நாஜிகள் வந்ததும் 1934-இல் பிரான்சுக்கு ஓடியவர். அப்புறம் திரும்பி வந்தார். 1940-இல் அந்தக் கட்சியிலேயே சேர்ந்து, நாஜிகளின் எஸ்.எஸ். படைத் தலைவர் ஹிம்லரின் அலுவலகத்தில் கொன்ராட் மேயர் என்பவரின் கீழ் வேலைக்குப் போனார். என்ன வேலை? ஜெர்மனி பிடித்த போலந்தில் புதிதாக ஊர் அமைக்கும் திட்டம். போலந்துக்காரர்களையும் யூதர்களையும் துரத்திவிட்டு ஜெர்மானியரைக் குடியேற்றுவதற்கு, எது மைய ஊர், எது துணை ஊர் என்று வரைபடம் போட்டது நாம் பரீட்சைக்குப் படித்த அதே கோட்பாடு. போர் முடிந்ததும் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்துவிட்டார்.

மக்கா, எனக்கு உறக்கம் வரவில்லை. ஏனென்றால் அதே காலத்தில் அதே அறுகோணத்தை வரைந்த இன்னொரு ஜெர்மன்காரர் இருந்தார், பொருளாதார அறிஞர் ஆகஸ்ட் லோஷ். அமெரிக்காவில் ஆய்வு செய்யப் போனவர், அங்கேயே தங்கியிருக்கலாம். ஊருக்கே திரும்பி வந்தார், ஆனால் நாஜிகளுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்தார். பேராசிரியர் வேலை கிடைக்கவில்லை, கீல் நகரத்து ஆய்வு நிறுவனத்தில் காலம் தள்ளினார். 1940-இல் பெரிய புத்தகம் வந்தது. போர் முடிந்த அதே மாதம், 1945 மே கடைசியில், காய்ச்சலில் செத்துப்போனார். நாற்பதுகூட ஆகவில்லை. இவரைப் பற்றி நான் வகுப்பில் சொன்னதெல்லாம் ஒரே வரி: "லோஷ் இதைத் திருத்தினார்."

கோட்பாட்டை விடப்போவதில்லை. ஆனால் காலி நிலம்போல ஒரு நாட்டைப் பார்க்க அது இடம் கொடுத்தது என்பதைச் சொல்லாமல் இனி நடத்த மாட்டேன். நம் மாவட்டத்தையே பார், 2011 கணக்கெடுப்பில் 100-க்கு 82 பேர் நகரவாசிகள். களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில் வரை வீடும் தென்னையும் வாழையுமாக ஒரே தொடர்ச்சி, எந்த ஊர் எங்கே முடிகிறது என்று கோடு போட முடியுமா? அங்கங்கே இருக்கிற ஆளைக் கேட்டால்தான் தெரியும்.

அதனால்தான் உன்னிடம் ஒரு காரியம். உன் அம்மை தலையில் மீன் சருவத்தோடு குளச்சலிலிருந்து சந்தைக்கு நடந்தவர்கள்தானே. எந்தக் கிழமை எந்தச் சந்தை, எந்த வழி, மீன் விற்ற காசில் மரச்சீனி எங்கே வாங்கினார்கள், எல்லாவற்றையும் கேட்டு எழுது. பிள்ளைகளையும் அவரவர் பாட்டியிடம் கேட்டுவரச் சொல்லியிருக்கிறேன். வருகிற திங்கள் வகுப்பு. அதற்குள் அனுப்பு.

உன்,
மார்த்தாண்டத்தான்