ஒரு நரம்பு, இரண்டு சரக்கு

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. சிறுநீர் அடக்க முடியாததற்குக் கொடுத்த மாத்திரையால் அப்பாவுக்கு வாய் வறண்டு, ஒரு வாய் சோற்றுக்கு ஒரு மடக்குத் தண்ணீர் தேவைப்படுகிறது என்று எழுதியிருந்தாய். டாக்டரிடம் சொல், அளவைக் குறைப்பார் அல்லது வேறு மாத்திரை மாற்றுவார். நீயாக நிறுத்திவிடாதே.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஒரு பழைய சங்கதி ஞாபகம் வந்தது. அந்த வகை மாத்திரைகள் பெரும்பாலும் அசிட்டைல்கோலின் என்ற, நரம்பு தன் முனையில் வெளியிட்டுச் சேதி சொல்லும் ரசாயனத்தைத் தடுப்பவை, அதே வேலையைச் செய்யும் பழைய மருந்தான அட்ரோபினுக்குத் தம்பிகள். 1872-ல் ஹைடன்ஹைன் என்ற ஜெர்மானியர் அட்ரோபினைக் கொடுத்துவிட்டு உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போகும் நரம்பைத் தூண்டிப் பார்த்தார். எச்சில் வரவில்லை, ஆனால் சுரப்பிக்குள் ரத்தம் மட்டும் எப்போதும்போலப் பெருகிப் பாய்ந்தது! ஒரே நரம்பு, ஒரே மருந்து, ஒரு வேலை நின்றது, இன்னொன்று நிற்கவில்லை. இதற்கு விடை கிடைக்க நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. 1980 வாக்கில் ஸ்வீடனில் லுண்ட்பெரியும் ஹோக்ஃபெல்ட்டும் பூனையின் சுரப்பியில் கண்டது என்னவென்றால், அசிட்டைல்கோலின் இருக்கும் அதே நரம்புக்குள் விஐபி என்ற பெப்டைடும், அதாவது ஒரு சின்னப் புரதத் துண்டும், இருக்கிறது. (பெயரைக் கேட்டுச் சிரிக்காதே.) நரம்பு முனைக்குள் அசிட்டைல்கோலின் சின்னப் பைகளில், விஐபி பெரிய பைகளில். நரம்பு மெதுவாகத் துடித்தால் சின்னப் பைகள்தான் முக்கியமாகத் திறக்கும், படபடவென்று துடித்தால் பெரியவையும் சேர்ந்து திறக்கும். விஐபி தனியாக எச்சிலைச் சுரக்க வைக்காது, ரத்தக் குழாயை விரித்துவிடும், கூடவே அசிட்டைல்கோலினுக்குக் கைகொடுக்கும். அட்ரோபினோ விஐபியைத் தொடுவதே இல்லை.

நாம் கல்லூரியில் 'ஒரு நரம்புக்கு ஒரு ரசாயனம், இது டேல் விதி' என்று மனப்பாடம் செய்து மார்க் வாங்கினோமே, பாவம், டேல் என்ற அந்த ஆங்கிலேய விஞ்ஞானி அப்படிச் சொல்லவே இல்லை. ஒரு நரம்பு ஒரு முனையில் வெளியிடும் ரசாயனத்தையே மற்ற முனைகளிலும் வெளியிடும் என்பதுதான் அவர் யோசனை, அதற்கு விதி என்று கிரீடம் வைத்தவர் எக்கில்ஸ் என்ற நரம்பு விஞ்ஞானி. 1976-லேயே பர்ன்ஸ்டாக் என்ற இன்னொரு விஞ்ஞானி, சில நரம்புகள் ஒன்றுக்கு மேற்பட்ட ரசாயனங்களை வெளியிடுகின்றனவா என்ற கேள்வியையே கட்டுரைத் தலைப்பாக வைத்துவிட்டார். அவர் கைகாட்டியது ஏடிபியை, ஆமாம், நம் செல்லுக்கெல்லாம் எரிபொருளாக இருக்கும் அதே ஏடிபிதான். பல விலங்குகளின் சிறுநீர்ப்பையை அட்ரோபினால் முழுசாக அடக்க முடியாமல் போவதற்கும், அங்குள்ள நரம்பு அசிட்டைல்கோலினோடு ஏடிபியையும் வெளியிடுவதே காரணம். நல்ல நிலையில் உள்ள மனிதச் சிறுநீர்ப்பையில் ஏடிபிக்குப் பங்கு மிகக் குறைவு, சில நோய்களில்தான் கூடுகிறது.

சரி, டாக்டரைப் பார்த்ததும் எழுது. அப்பாவை நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ரவி