மூலை வீட்டு ஆயாவின் கருமாதி: ஞாயிறு காலை 9 மணி

அனைவருக்கும் வணக்கம்.

ஆயாவின் பதினாறாம் நாள் காரியம் வரும் ஞாயிறு காலை 9 மணிக்கு அவர் வீட்டு முற்றத்தில் நடக்கும். 11 மணிக்கு அவரைப் பற்றிப் பேசுவோம், அப்புறம் சாப்பாடு.

தெருவுக்குப் புதிதாக வந்தவர்களுக்காக: இனத்துக்கு ஒரு பகுதி என்று பிரித்த தென்னாப்பிரிக்க நிறவெறி ஆட்சியின் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தால் 1960களில் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியை விட்டு, இந்தியர்களுக்கென ஒதுக்கிய நம் சாட்ஸ்வொர்த்துக்கு வந்த குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. பகலில் தையல் ஆலை, மாலையில் நான்கு பிள்ளைகள். தாத்தா படுத்த படுக்கையாக இருந்த ஏழு ஆண்டும் ஆயாதான் சோறு ஊட்டினார். பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் கேட்டாலும் பதில் தமிழில்தான் வரும். நம்மில் பாதிப்பேர் அவருடைய மடும்பிக் (சேப்பங்கிழங்கு) கறி சாப்பிட்டு வளர்ந்தவர்கள், நானும்தான்.

1. எத்தனை பேர் வருகிறீர்கள் என்று வியாழன் இரவுக்குள் இங்கே எழுதுங்கள். கட்டைவிரல் படம் மட்டும் போட்டால் சமைப்பவர்களுக்குக் கணக்குத் தெரியாது.

2. பழைய போட்டோ இருந்தால் எனக்குத் தனியாக அனுப்புங்கள். கேட்டோ மேனர் காலத்துப் படம் குடும்பத்திடம் ஒன்றுகூட இல்லை.

3. மலர்வளையம் வேண்டாம். அரிசியோ பருப்போ கொண்டு வாருங்கள். ஆயா மாதாமாதம் கொடுத்துவந்த வீடுகளுக்கே போகும்.

4. நாற்காலி தூக்க நான்கு இளைஞர்கள் தேவை, சனி மாலை 4 மணி.

5. தேவாரம் பாடத் தெரிந்தவர்கள் தயவுசெய்து பெயர் கொடுங்கள். இதுவரை எல்லார் வீட்டுக் காரியத்திலும் பாடியவர் ஆயாதான்.