டீக்கடை பெஞ்சில் வசனம் பேசும் அண்ணன்மார்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மார்களே, பெரியப்பாமார்களே,

ஏற்காடு ரோட்டில் பழைய சினிமா ஸ்டுடியோவான மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவு வரைக்கும் காலையில் நடந்துவிட்டு, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பழைய படம் பேசுகிறவர்களுக்குத்தான் முதலில் இந்த மடல். அப்புறம் குகை, அம்மாப்பேட்டை, செவ்வாய்ப்பேட்டை என்று சேலத்தில் எங்கே நாலு பேர் கூடி "அந்தக் காலத்துப் படம் மாதிரி வருமா" என்று ஆரம்பித்தாலும், அவர்களுக்கும் சேர்த்துத்தான். உங்கள் பேச்சை நிறுத்தச் சொல்லி எழுதவில்லை. அதில் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். எங்களை என்றால், இந்த ஊர்ப் பெண்களை.

கொஞ்ச நாள் முன்பு பால் வாங்க வந்த இடத்தில் உங்களில் ஒருவர் திருவிளையாடல் படத்துத் தருமி சீனை ஆரம்பித்தார். "பிரிக்க முடியாதது என்னவோ?" என்று கேட்டார். "தமிழும் சுவையும்" என்று இன்னொருவர் சொன்னார். "சேர்ந்தே இருப்பது?" என்றதும் ஏனோ எல்லோரும் திகைத்துவிட்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. பால் பாக்கெட்டும் கையுமாக நின்றபடியே "வறுமையும் புலமையும்" என்று சொல்லிவிட்டேன். பெஞ்சே திரும்பிப் பார்த்தது. "அட, பாப்பாவுக்கும் தெரியுதே!" என்றார் ஒரு பெரியவர். பாப்பாவுக்குப் பேத்தி இருக்கிறாள் என்பதை அன்றைக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடுத்த கேள்வியையும் கேட்டிருப்பாரோ என்னவோ.

தெரியாமல் எப்படி இருக்கும் அண்ணா? நீங்கள் வசனம் கற்றுக்கொண்டது தியேட்டரில். தரை டிக்கெட் எடுத்து, விசில் அடித்து, மறுநாள் மறுபடியும் போய்ப் பார்த்துக் கற்றுக்கொண்டீர்கள். நாங்கள் காதால் கற்றுக்கொண்டவர்கள். எங்கள் வீட்டில் கொலுசுப் பட்டறை. அப்பா ஊதுகுழலால் நெருப்பை ஊதி வெள்ளியைப் பற்றவைப்பார்; அம்மாவும் சித்திகளும் கண்ணி கோர்ப்பார்கள், சலங்கை மணி எடுத்து வைப்பார்கள். பலகை மேல் ஒரு ரேடியோ. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒலிச்சித்திரம் வந்தால் பட்டறையில் வேறு பேச்சு கிடையாது. படத்தை ஒலியாக மட்டும் கேட்போம். யார் அழுகிறார்கள், யார் கத்தியை உருவுகிறார்கள், எந்தக் கதவு சாத்தப்படுகிறது என்பதெல்லாம் நாங்களாகவே போட்டுக்கொண்ட படம்தான். அப்பா வாயில் ஊதுகுழல் இருக்கும், அவரால் பேச முடியாது. அந்த நேரம் பார்த்து அம்மா சாவித்திரியின் பதிலை ரேடியோவுக்கு முன்பே சொல்லிவிடுவாள். அப்பா கண்ணாலேயே முறைப்பார். கை மட்டும் ஒரு கண்ணிகூடத் தவறாது. தறிக்குழிக்குள் உட்கார்ந்து இதே மாதிரி வசனம் படித்த பெண்கள் அம்மாப்பேட்டையில் எத்தனை பேர் என்று உங்கள் வீட்டிலேயே விசாரித்துப் பாருங்கள்.

இன்னொரு பள்ளிக்கூடம் ஆடி மாசம். மாரியம்மன் பண்டிகைக்குத் தெருத்தெருவாகக் கூம்பு ஸ்பீக்கர் கட்டுவார்கள். பாட்டு ரிக்கார்டு முடிந்ததும் கதை வசன ரிக்கார்டு போடுவார்கள். திருவிளையாடலும் கட்டபொம்மனும் அப்படித்தான் எங்கள் தெருவுக்கு வந்தார்கள். எங்கள் தெருவில் ஓடின திருவிளையாடல் ரிக்கார்டில் ஒரு கீறல். ஊசி அந்த இடத்துக்கு வந்தால் ஒரு வார்த்தை இரண்டு தடவை விழும். எங்கள் சின்னத்தைக்கு அந்த சீன் முழுக்க மனப்பாடம். இன்றைக்கும் அந்த இடம் வந்தால் அந்த வார்த்தையை இரண்டு தடவை சொல்லித்தான் மேலே போவாள். படத்தில் அப்படி இல்லை அத்தை என்றால், "உனக்கென்ன தெரியும், நான் நூறு தடவை கேட்டிருக்கேன்" என்பாள். அந்தக் கீறல் இப்போது அவளிடம் மட்டும்தான் இருக்கிறது. ரிக்கார்டு எப்போதோ போய்விட்டது, சவுண்ட் சர்வீஸ்காரரும் போய்விட்டார்.

அந்தத் திருவிளையாடலை எடுத்த ஏ.பி. நாகராஜன் நம்ம சங்ககிரிப் பக்கத்து அக்கமாப்பேட்டைக்காரர். அவர் பெயரில் இருக்கும் 'ஏ' அந்த ஊர்தான். பெஞ்சில் சிவாஜி பெயரும் நாகேஷ் பெயரும் அடிபடுகிற அளவுக்கு இவர் பெயர் அடிபட்டு நான் கேட்டதில்லை. இதை ஒரு குறையாகவே வைத்துக்கொள்ளுங்கள். வசனம் சொன்னவர் பெயரை மட்டும் சொல்கிறீர்கள், எழுதினவரை விட்டுவிடுகிறீர்கள். "மணந்தால் மகாதேவி, இல்லையேல் மரணதேவி" என்று மகாதேவி பட வில்லன் பி.எஸ். வீரப்பா மாதிரி சிரித்துக் காட்டுகிறீர்கள், சரி. எழுதியது கண்ணதாசன் என்றும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்களேன். மகாதேவியை மாடர்ன் தியேட்டர்ஸ் படம் என்று சொல்வதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நம் ஊருக்கு இருக்கிற பெருமை போதாதென்று இரவல் வேறு வாங்க வேண்டுமா? 1935-ல் டி.ஆர். சுந்தரம் ஆரம்பித்த கம்பெனி மாடர்ன் தியேட்டர்ஸ். மலையாளத்தின் முதல் பேசும் படமான பாலன் 1938-ல் இங்கிருந்துதான் போனது. பி.யு. சின்னப்பா இரட்டை வேடம் போட்ட முதல் உத்தமபுத்திரன் 1940-ல் வந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம், 1956-ல் வந்த அலிபாபாவும் 40 திருடர்களும், இங்கே எடுத்ததுதான். எங்கள் வீட்டில் வெள்ளி வைக்கிற பீரோவைத் திறக்கும்போதெல்லாம் "திறந்திடு சீசே" சொல்லாமல் அம்மா சாவியைப் போட்டதில்லை.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் பெஞ்சில் மந்திரிகுமாரி பேச்சு வந்தால் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று எனக்குத் தெரியும். எம்.ஜி.ஆர். அதில் எப்படி இருந்தார் என்பதில் ஆரம்பிக்கும். கலைஞர் வசனத்துக்குப் போகும். "கொள்ளையடிப்பது ஒரு கலை" என்று எஸ்.ஏ. நடராஜன் சொன்னதை யாராவது சொல்லிக்காட்டுவார்கள். அதோடு டீ வந்துவிடும். 1950-ல் வந்த படம். குண்டலகேசிக் கதையிலிருந்து எடுத்தது. பெயரே மந்திரிகுமாரி. அந்த மந்திரிகுமாரி என்ன ஆனாள் என்று பெஞ்சில் ஒருவரும் பேசுவதில்லை.

மலை உச்சிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போகிறான் அவள் கணவன் பார்த்திபன், அதே எஸ்.ஏ. நடராஜன்தான். ஆசையாகப் பாடிக்கொண்டே போகிறான். திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய 'வாராய் நீ வாராய்', அந்த இனிமையில் ஆபத்தே தெரியாது. உச்சிக்குப் போனதும்தான் தன்னைத் தள்ளிவிடத்தான் கூட்டி வந்திருக்கிறான் என்று அவளுக்குப் புரிகிறது. அவள் அலறி அழவில்லை. சாகிறதுக்கு முன்னால் கணவனைச் சுற்றி வந்து கும்பிட்டுக்கொள்கிறேன் என்று கேட்கிறாள். இவனும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறான். சுற்றி வருகிறவள் பின்னால் வந்ததும் ஒரே தள்ளு. மந்திரிகுமாரியாக நடித்த மாதுரி தேவியின் முகத்தை அந்த இடத்தில் பாருங்கள். கும்பிடப் போகிற முகம்தான், ஆனால் கண் வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். கதாநாயகன் அந்த உச்சியில் இல்லவே இல்லை. வாளும் இல்லை, காப்பாற்ற வருகிற குதிரையும் இல்லை. அந்தப் படத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிகிற இடம் அதுதான். ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி பகோடா பாயிண்டில் போய் நிற்கிற எந்தச் சேலத்துப் பெண்ணுக்கும் முதலில் நினைவு வருகிற பாட்டு எது என்று கேட்டுப் பாருங்கள். வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்கும்போது கேட்க வேண்டாம்.

சபாஷ், சரியான போட்டி என்று தினமும் யாரையாவது சொல்கிறீர்களே, 1958-ல் வந்த வஞ்சிக்கோட்டை வாலிபனில் போட்டி போட்டது யார்? பத்மினியும் வைஜயந்திமாலாவும் அத்தனை நேரம் ஆடுகிறார்கள். உட்கார்ந்து பார்த்தபடி ஒரு வரி சொன்ன வீரப்பாவுக்குத்தான் ஊரெல்லாம் பேர். பராசக்தி கோர்ட் சீனில் நீங்கள் மூச்சு விடாமல் சொல்கிற "ஓடினாள், ஓடினாள், வாழ்க்கையின் ஓரத்துக்கே ஓடினாள்" கல்யாணியைப் பற்றியது. ஓடினவள் அவள், கைதட்டு அண்ணனுக்கு. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. சிவாஜி சொன்னால் யார்தான் கைதட்ட மாட்டார்கள், நானும்தான் தட்டியிருக்கிறேன். ஆனால் கல்யாணியாக நடித்த அந்த ஸ்ரீரஞ்சனியின் முகத்தை நினைவு வைத்திருக்கிறவர்களும் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் உங்கள் பெஞ்சில் இல்லை. அவ்வளவுதான் என் வழக்கு.

கல்யாணப் பரிசில் தங்கவேலுவின் மன்னார் அண்ட் கம்பெனியை எத்தனை தடவை சொல்லிச் சிரித்திருப்பீர்கள். அந்தப் பொய்க்கெல்லாம் எம். சரோஜா ஒவ்வொரு முறையும் ஒரு பதில் வைத்திருப்பாரே, அதைச் சொல்ல ஆள் இல்லாமல் உங்களில் ஒருவரே குரலைச் சன்னமாக்கிப் பேசுகிறீர்கள். கேட்கச் சகிக்கவில்லை அண்ணா. கோபப்படாதீர்கள். தில்லானா மோகனாம்பாளில் வருகிற ஜில் ஜில் ரமாமணியும் அதே மாதிரிதான். நாயனத்தைப் பற்றி மனோரமா சிக்கல் சண்முகசுந்தரத்திடம் கேட்கிற அந்த அப்பாவிக் கேள்வியை மீசை வைத்த ஆள் கேட்டால் அது அப்பாவித்தனமாக இருக்குமா?

அதனால் கேட்கிறேன். மாசத்தில் ஒரு ஞாயிறு இந்தக் கூட்டத்தை டீக்கடையிலிருந்து எடுத்து, நாங்களும் வந்து உட்காருகிற இடத்தில் வையுங்கள். முகூர்த்தம் இல்லாத நாளில் ஒரு சின்ன மண்டபம் போதும். இல்லையென்றால் நூலகத்தில் ஒரு ஹால் கேட்டுப் பார்க்கலாம். மதியம் மூன்று மணிக்கு ஆரம்பித்து ஐந்தரைக்கு முடித்துவிட வேண்டும். அந்த நேரம் ஏன் என்றால், சமையல் பாத்திரம் கழுவிக் கவிழ்த்து, ராத்திரி மாவுக்கு ஊறப்போட்டதை ஆட்டுவதற்கு முன்னால் எங்களுக்குக் கிடைக்கிற நேரம் அதுதான். காலை ஆறு மணிக்கு வை என்றால் பெண்கள் யாரும் வர மாட்டார்கள், அப்புறம் "கூப்பிட்டோம், வரவில்லை" என்பீர்கள். கழிப்பறை இருக்கிற இடமாகப் பாருங்கள். வயதானவர்கள் வருவார்கள், படிக்கட்டு ஏறாத இடமாக இருந்தால் நல்லது.

அங்கே எம்.ஜி.ஆரா சிவாஜியா என்கிற சண்டை வேண்டாம். அதற்கு உங்கள் பெஞ்ச் இருக்கிறது, அங்கேயே அடித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. மாடர்ன் தியேட்டர்ஸில் வேலை பார்த்தவர்களின் குடும்பங்கள் இன்னும் இந்த ஊரில் இருக்கின்றன. கும்பல் சீனில் நின்றவர்கள், துணி தைத்தவர்கள், தச்சு வேலை செய்தவர்கள், சாப்பாடு எடுத்துக்கொண்டு போனவர்கள். அவர்கள் கிடைத்தால் பெரிய நடிகர்களைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறோம். எம்.ஜி.ஆரைப் பக்கத்தில் பார்த்தீர்களா, பானுமதி கோபக்காரரா? பாவம், அவர்களும் அதையே திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போயிருப்பார்கள். ஒரு அரண்மனையை எத்தனை நாளில் கட்டினீர்கள், பிரித்த மரத்தை என்ன செய்தீர்கள், கூலி வாரக்கூலியா நாள்கூலியா, கும்பலில் நின்ற பெண்கள் ராத்திரி எப்படி வீட்டுக்குப் போனார்கள் என்று யாராவது கேளுங்கள். கேட்கிறதை போனில் பதிவு பண்ணி வையுங்கள். என் பேத்தியிடம் சொன்னால் ஒரு நிமிஷத்தில் செய்து கொடுப்பாள். ஸ்டுடியோ போய்விட்டது, வளைவு மட்டும் நிற்கிறது. வளைவிடம் இதையெல்லாம் கேட்க முடியாது.

எங்கள் பக்கத்திலிருந்து இப்போதே ஏழெட்டுப் பேர் தயார். சின்னத்தை வருவாள், கீறலோடுதான் சொல்வாள், சிரிக்கக்கூடாது. பக்கத்து வீட்டு டீச்சர் பழைய பாட்டுப் புத்தகங்கள் ஒரு டிரங்க் பெட்டி நிறைய வைத்திருக்கிறார். தொட்டுப் பார்க்கலாம், வீட்டுக்குக் கொடுக்க மாட்டார். தட்டுவடை செட்டுக்கு நாங்கள் பொறுப்பு. காரம் கூடவா குறையவா என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டீ உங்கள் செலவு.

முதல் கூட்டத்துக்குத் தில்லானா மோகனாம்பாள் என்று வைத்துக்கொள்ளலாம். அதுவும் அக்கமாப்பேட்டைக்காரர் எடுத்ததுதான். ஜில் ஜில் ரமாமணி நான். சிக்கல் சண்முகசுந்தரத்துக்கு உங்களில் போட்டி பலமாக இருக்கும், அதை நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள். எனக்கு வேண்டியது நல்ல வைத்தி, அதுதான் நாகேஷ் செய்த வேஷம். வசனத்தை முழுசாகப் படித்துக்கொண்டு வருகிற ஆளாக அனுப்புங்கள். பாதியில் திகைத்து நின்றால் எடுத்துக் கொடுக்க மாட்டேன். பதிலை டீக்கடைக்காரரிடம் சொல்லி வையுங்கள், பால் வாங்க வரும்போது கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறை வீட்டுத் தங்கச்சி