நோயாளியை ஏற்றினால்தான் ஆம்புலன்ஸுக்குப் பணமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவில் பிள்ளைகளோடு வாழும் பெற்றோருக்கு மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) எப்படி உதவும் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். டாக்டர் செலவு, மருந்து, ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் தெளிவாக விளக்கியிருந்தீர்கள். ஆம்புலன்ஸ் மட்டும் ஒரே வரியில் முடிந்துவிட்டது. இங்கே ஒரு கிராமப்புறக் கவுன்டியில், ஆம்புலன்ஸ் பில்களை மெடிகேருக்கு அனுப்பும் வேலை பார்க்கிறேன். அதனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

சர்க்கரை நோயுள்ள ஒரு பெரியவர் திடீரென்று சர்க்கரை இறங்கி மயங்கி விழுகிறார் என்று வையுங்கள். வீட்டார் அவசர உதவி எண்ணான 911-ஐ அழைக்கிறார்கள். முப்பது மைல் தள்ளியிருந்து ஆம்புலன்ஸ் விரைந்து வருகிறது. அதில் வந்த அவசர சிகிச்சைப் பணியாளரான பாராமெடிக் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றுகிறார். கொஞ்ச நேரத்தில் பெரியவர் எழுந்து உட்கார்ந்து, "சரியாயிடுச்சு, ஆஸ்பத்திரி வேண்டாம்" என்கிறார். உயிர் பிழைத்தாயிற்று. ஆனால் இந்த அழைப்புக்கு மெடிகேரில் டாக்டர், ஆம்புலன்ஸ் செலவுகளைப் பார்க்கும் பார்ட் பி ஒரு காசுகூடத் தராது. 2002 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கட்டணப் பட்டியல் பயணத்துக்குத்தான் பணம் தருகிறது, சிகிச்சைக்கு அல்ல.

பயணம் நடந்தாலும் கணக்கு கறாரானது. அவசரமில்லாத சாதாரணப் பயணத்தின் அடிப்படைக் கட்டணத்தை 1 என்று வைத்தால், அவசர அழைப்புக்கு 1.60, பாராமெடிக் சிகிச்சையோடு கூடிய அவசரத்துக்கு 1.90, மிகத் தீவிரமான நிலைக்கு 2.75 மடங்கு. ஆக்சிஜன், மருந்து எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். மைலேஜும் நோயாளி வண்டிக்குள் இருக்கும் தூரத்துக்கு மட்டும்தான். கிராமப்புறத்தில் முதல் 17 மைலுக்கு ஒன்றரை மடங்கு தருகிறார்கள், உண்மைதான். ஆனால் காலி வண்டியாக ஓடி வந்த முப்பது மைலை எந்த பில்லிலும் எழுத முடியாது.

ஆம்புலன்ஸ் சேவையின் பெரிய செலவு டீசல் இல்லை, காத்திருப்பு. யாரும் அழைக்காத இரவிலும் பயிற்சி பெற்ற இரண்டு பேர் வண்டியோடு தயாராக இருக்க வேண்டும், அவர்களுக்குச் சம்பளம் தர வேண்டும். பெருநகரத்தில் ஓயாமல் அழைப்பு வரும், அந்தச் செலவு நிறைய பில்களில் பிரிந்துவிடும். எங்கள் பக்கம் அழைப்பே வராத நாளும் உண்டு. அன்றைய சம்பளத்தை யார் தருவது?

இதைச் சமாளிக்கத்தான் 2008 முதல் நகரத்துக்கு 2 சதவீதம், கிராமத்துக்கு 3 சதவீதம் கூடுதலாகத் தருகிறார்கள். ஜனங்கள் மிகக் குறைவாக வாழும் பகுதிகளில் அடிப்படைக் கட்டணத்தில் 22.6 சதவீதம் கூடுதல். ஆனால் இவை எல்லாமே தற்காலிகம். காலக்கெடு முடியும் நேரத்தில் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) நீட்டித்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. 2025 அக்டோபரில் நிதி ஒதுக்கீடு நிறைவேறாமல் அரசு முடங்கியபோது இதுவும் காலாவதியாகி, நவம்பரில்தான் முன்தேதியிட்டு மீண்டும் வந்தது. அடுத்த மாத வருமானமே தெரியாத சேவை எந்த தைரியத்தில் புது ஆளை வேலைக்கு எடுக்கும்?

வீட்டிலேயே தரும் சிகிச்சைக்கும் பணம் கொடுத்துப் பார்க்கும் சோதனைத் திட்டம் ஒன்று 2021-ல் தொடங்கியது. பங்கேற்பு குறைவு என்று சொல்லி, ஐந்து ஆண்டுத் திட்டத்தை 2023 முடிவிலேயே மூடிவிட்டார்கள். எனக்கு இது பெரிய வருத்தம். தேவையில்லாமல் எமர்ஜென்சி வார்டுக்குப் போவதைக் குறைத்தால் மெடிகேருக்கும் மிச்சம்தானே?

அப்புறம், வாசகர்களுக்கு ஒரு விஷயம். தகுந்த வசதியுள்ள மிக அருகிலான ஆஸ்பத்திரி வரைக்கும்தான் மெடிகேர் பணம் தரும். வழக்கமான டாக்டர் இருக்கும் தூரத்து ஆஸ்பத்திரிக்கே போக வேண்டும் என்று வற்புறுத்தினால், கூடுதல் மைல்களுக்கு நீங்களே கட்ட நேரிடும். டிடக்டிபிள் (முதலில் நாமே கட்ட வேண்டிய தொகை) போக, மீதியில் 20 சதவீதமும் நோயாளியின் பங்கு.

இந்த நாட்டில் ஓட்டுரிமை உள்ள வாசகர்கள் தங்கள் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினருக்கு எழுதுங்கள். கூடுதல் தொகையை நிரந்தரமாக்கச் சொல்லுங்கள், ஏற்றிச் செல்லாத சிகிச்சைக்கும் கட்டணம் வேண்டும் என்று கேளுங்கள். உங்கள் இதழும் இதைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்று வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி