கூத்துக் கொப்பிகளை அச்சேற்றுங்கள்: வன்னியின் கலாசாரப் பேரவைகளுக்கு ஒரு திறந்த மடல்

வன்னியின் பிரதேச கலாசாரப் பேரவைகளில் பொறுப்பேற்றிருக்கும் பெரியோர்களுக்கு,

வணக்கம். ஈழத்துக் கூத்தை மேடைக்கும் அச்சுக்கும் கொண்டுவந்த பேராசிரியர் சு. வித்தியானந்தனுக்கு நம் பகுதியில் ஏதாவது செய்ய வேண்டும் என்ற பேச்சு உங்களிடையே எழுந்திருப்பதாக அறிந்தேன். சிலை, மண்டபப் பெயர், நினைவுப் பேருரை என்று சில யோசனைகளும் காதில் விழுந்தன. அவர் பிறந்தது 1924இல். நூற்றாண்டு கடந்துவிட்டது. பிந்தியாவது நினைத்தீர்களே என்று மனம் நிறைந்தது. என்ன செய்வது என்பதில்தான் எனக்கொரு விண்ணப்பம் இருக்கிறது.

என் அம்மப்பா முல்லைத்தீவு முள்ளியவளையில் கோவலன் கூத்து ஆடியவர். அவருடைய கூத்துக் கொப்பி என்னிடம் இருக்கிறது. தடித்த மட்டை போட்ட சீ. ஆர். கொப்பி அது. பாட்டுகளை ஊற்றுப்பேனாவால் நீல மையில் எழுதியிருக்கிறார். தரு, விருத்தம், கொச்சகம் என்ற பாட்டுவகைக் குறிப்புகளுக்குச் சிவப்புக் குமிழ்முனைப் பேனா. 2009இல் போருக்குள் அதை உரப்பையில் சுற்றி இடத்துக்கு இடம் தூக்கிக்கொண்டு போனோம். வட்டுவாகலில் நனைந்துவிட்டது. நீலம் கரைந்தது, சிவப்பு நின்றது. இன்று அந்தப் பக்கங்களைத் திறந்தால் ‘தரு’ என்று தெளிவாகத் தெரிகிறது. அதன் கீழே பாட்டு இல்லை.

வித்தியானந்தனை நான் நினைப்பது இந்தக் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டுதான்.

1956இல் பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தில் படிப்பித்துக்கொண்டிருந்த எதிரிவீர சரச்சந்திர ‘மனமே’ நாடகத்தை மேடையேற்றி, சிங்கள நாடகத்துக்கு அதன் கிராமத்து வேரைக் காட்டினார். அதே வளாகத்தில் தமிழ் படிப்பித்துக்கொண்டிருந்த வித்தியானந்தன், நமக்கும் அப்படியொரு வேர் இருக்கிறது என்று கிராமங்களை நோக்கித் திரும்பினார். கர்ணன் போர் (1962), நொண்டி நாடகம் (1963), இராவணேசன் (1964), வாலிவதை (1967) என்று மாணவர்களை வைத்தே கூத்துகளை மேடையேற்றினார். விடிய விடிய வட்டக்களரி என்ற வட்டமான திறந்த ஆடுகளத்தில் ஆடியதைச் சுருக்கிப் படச்சட்ட மேடைக்குள் கொண்டுவந்துவிட்டார் என்ற குறை அவர் மேல் உண்டு. களரியைச் சுற்றிப் பாய் விரித்து உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அந்த மனத்தாங்கல் நியாயமானதே. ஆனாலும், படித்தவர்கள் ஏறெடுத்தும் பாராத ஒன்றைப் பல்கலைக்கழக மாணவன் உடுப்புக் கட்டி ஆடினான் என்பதை நான் சிறிதாக நினைக்கமாட்டேன்.

மேடையை எல்லோரும் பேசுகிறார்கள். அச்சைப் பேசுவோர் குறைவு. எனக்கு அதுவே பெரிது. மட்டக்களப்பின் அலங்காரரூபன் நாடகத்தையும், மன்னாரின் என்றிக்கு எம்பரதோர், மூவிராசாக்கள், ஞானசவுந்தரி நாடகங்களையும் 1960களில் அவர் பதிப்பித்தார். மட்டக்களப்பு, மன்னார் நாட்டுப் பாடல்களும் அந்தக் காலத்திலேயே அவரால் நூலாயின. ‘தேசிய இலக்கியம்’ என்ற குரல் ஈழத்தில் உரத்து ஒலித்த காலம் அது. இந்த மண்ணைப் பற்றி இனி எழுதப்படப்போகும் சிறுகதையும் நாவலுமே பலருடைய கண்ணில் நின்றன. கூத்துப் பழக்கும் அண்ணாவியார் வீட்டுப் பரணில் கிடப்பதும் அந்த இலக்கியம்தான் என்று, சங்க நூலுக்குக் கொடுக்கும் கவனத்தை அதற்கும் கொடுத்துப் பதிப்பித்தவர் வித்தியானந்தன். இலண்டனில் கலாநிதிப் பட்டம் பெற்றுத் திரும்பியவர், பள்ளிக்கூடம் முடிக்காத அண்ணாவியாரின் ஏட்டை அச்சுக்குக் கொண்டுபோனார். என் அம்மப்பாவைப் போன்றவர்களைப் புலவர்களின் வரிசையில் உட்காரவைத்த செயல் அது.

அவர் அச்சேற்றிய அந்த நான்கு கூத்துகளில் மூன்று மன்னாருக்கு உரியவை. முல்லைத்தீவுக் கூத்து அவற்றில் ஒன்றுகூட இல்லை. ஒரு மனிதர் எல்லா ஊருக்கும் போய்விட முடியாது. விட்ட இடத்திலிருந்து தொடர்வது நம் கடமை.

ஆகவே சிலைக்கென்று ஒதுக்க நினைக்கும் பணத்தை ஏடுகளுக்கும் கொப்பிகளுக்கும் ஒதுக்குங்கள். முள்ளியவளை, தண்ணீரூற்று, ஒட்டுசுட்டான், நெடுங்கேணி என்று வீடு வீடாகப் போக வேண்டும். கேட்டவுடன் தரமாட்டார்கள். வாங்கிக்கொண்டு போனவர்கள் திருப்பிக் கொடுக்காத கதை பல வீடுகளில் உண்டு. எனவே கொப்பியை எடுத்துப் போகாமல், அந்த வீட்டுத் திண்ணையிலேயே பக்கம் பக்கமாகப் படம் பிடியுங்கள். 2005 முதல் ஈழத்து நூல்களை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனத்தாரிடம் இதற்கான அனுபவம் இருக்கிறது, கேளுங்கள். ஒரே கூத்துக்கு இரண்டு மூன்று கொப்பிகள் கிடைத்தால் பாடபேதம் பார்த்துப் பதிப்பிக்க யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் முதல் துணைவேந்தராக இருந்தவரும் வித்தியானந்தன்தானே! கூத்தோடு நின்றுவிடாமல் நம் நாட்டுப் பாடல்களான அருவிவெட்டுப் பாட்டு, பன்றிப்பள்ளு, குருவிப்பள்ளு, அரியாத்தை ஒப்பாரி எல்லாவற்றையும் சேருங்கள். அச்சான நூலின் அட்டையில் பதிப்பாசிரியர் பெயருக்கு மேலே அண்ணாவியார் பெயர் வரவேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இன்னுமொன்று. கொப்பியில் மெட்டு இருக்காது. ‘தரு’ என்ற சொல்லைப் பார்த்ததும் எந்த இழுவையில் எடுப்பது, மத்தளம் எங்கே விழுவது என்பது ஆடியவர்களுக்கும் பிற்பாட்டுக்காரருக்கும் மட்டுமே தெரியும். அவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அதனால் அச்சுக்கு முன் ஒலிப்பதிவு.

என்னிடமுள்ள கொப்பியைத் தரச் சம்மதம். வாசிக்கக்கூடிய பக்கங்கள் 37. கரைந்துபோன பாட்டுகளில் பல என் பெரியம்மாவுக்குப் பாடம். கூத்துப் பழகும் இரவுகளில் வேலிக்கு இந்தப்பக்கம் இருந்து கேட்டுக் கேட்டு மனத்தில் ஏற்றிக்கொண்டவர். பெண்பிள்ளை என்று அவரைக் களரிப்பக்கம் விடவில்லை. அவருக்கு இப்போது 81 வயது. காலையில் குரல் நன்றாக இருக்கும், பத்து மணிக்கு மேல் களைத்துவிடுவார். வரும் வைகாசிப் பொங்கலுக்கு முன் ஒரு நாளைச் சொல்லியனுப்புங்கள். முற்றத்து வேம்பின் கீழ் பாய் போட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
முள்ளியவளையிலிருந்து ஒரு கூத்துக்காரரின் பேத்தி